கோபுரத்துக்கு வெள்ளை அடிக்கத் தடை

சின்ன வயதில் வீட்டில் நான் வாங்கிய அடிகளில் பாதிக்கு மேல் கெட்டது கதைத்ததற்காக வாங்கியவை. மாமா பயணம் புறப்படும் நேரம் பார்த்து "பஸ் பிரண்டால் என்ன செய்வியள்?" என்று கேட்பேன். கலியாண வீட்டில் பலகாரம் சுடும்போது "மாப்பிள்ளை வராட்டி?" என்று கேட்பேன். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய் "வாயைக் கழுவு" என்று செம்பைக் கையில் தருவார். முப்பத்தைந்து வயதில் அதே வாய்க்குச் சம்பளம் கிடைத்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஒரு நிறுவனத்தில் இடர் முகாமைத்துவ மற்றும் இணக்கப்பாட்டு உத்தியோகத்தர் என்று பதவி. என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று யோசித்து அட்டவணையில் எழுத வேண்டும். கொடை தந்தவர்களின் விதிகளை ஒருவரும் மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா "கந்தோரிலை எழுத்து வேலை" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார்.

அந்த வேலையை நான் திறமாகச் செய்தேன். ஒரு மனிதன் கடலுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவது ஒரு சுவரின் நிறத்தில் தங்கியிருந்தது. அந்தச் சுவரின் நிறத்தை மாற்றியதும், மாறாமல் காவல் வைத்ததும் என் அட்டவணை. இதை நான் எங்கேயும் எழுதவில்லை, எந்த அறிக்கையிலும் இதற்கு இடம் இருக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறைத் தீவின் வடகரையில் ஒரு கடற்றொழில் ஊர். கரம்பொனில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அங்கே தேவாலயத்தை விட்டுத் தள்ளி, கடலைப் பார்த்தபடி, கடலடியில் விளையும் முருகைக்கல்லால் கட்டிய ஒரு மணிக்கோபுரம் தனியாக நிற்கிறது. பறங்கியர் கட்டியது என்று ஒருவர் சொல்வார், ஒல்லாந்தர் கட்டியது என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். மணி யுத்த காலத்தில் காணாமல் போய்விட்டது. மணி இல்லாத மணிக்கோபுரத்துக்கு ஊர்ச்சனம் ஆண்டுதோறும், புனிதரின் கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை, வெள்ளை அடிக்கும். வள்ளத்துக்கு ஒரு வாளி சுண்ணாம்பு என்பது வழமை. வள்ளம் வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் தன் வாளியைத் தானே கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஒருவர் வாளியை இன்னொருவர் கொண்டுவரக் கூடாது. இப்படிப் பூசிப் பூசிச் சுண்ணாம்பு விரற்கடை மொத்தத்துக்கு ஏறியிருந்தது.

இந்தக் கோபுரத்தைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து கொடை வந்தது. கூடவே தலையணை மொத்தத்தில் கொடையாளர்களின் விதிக் கைநூல் ஒன்று வந்தது. கோபுரத்தை விடக் கைநூலைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்று முதல் மாதமே எனக்கு விளங்கிவிட்டது.

இடர் அட்டவணை கொடையாளர்களிடமிருந்தே அச்சடித்து வந்தது. அதில் ஒரு வரியையும் அழிக்க முடியாது, கூட்டத்தான் முடியும். ஒன்பதாவது வரி, கூரையில் பனிப்பாளம் சேர்ந்து பாரம் தாங்காமல் இடிவது. தீவகத்து வெயிலில் காக்காய்கூட மத்தியானம் பறக்காது. நான் எங்கள் நிறுவனப் பணிப்பாளரிடம் போய் "சேர், இதை என்ன செய்யிறது?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "வாய்ப்பு மிகக் குறைவு எண்டு போடும். தொடர்ந்து கண்காணிக்கப்படும் எண்டும் போடும்" என்றார். இரண்டு வருஷம், மாதம் தவறாமல், ஊர்காவற்றுறையில் பனிப்பாளம் விழவில்லை என்று நான் கையெழுத்திட்டு அறிவித்திருக்கிறேன்.

பிறகு நலன் முரண்பாட்டுப் படிவம். வேலை செய்கிற ஒருவரும் வேலையை மேற்பார்க்கிற ஒருவரும் உறவினராக இருக்கக் கூடாது. அந்த ஊரில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேரைக் காட்டினால் நான் இன்றைக்கும் அவர்களைக் கும்பிடுவேன். மேசன், தேவாலய மூப்பருக்கு மச்சான்; கல் வேலை இல்லாத நாளில் அவரும் வள்ளம் எடுக்கிறவர். மூப்பர் என்றால் குருவானவருக்கு அடுத்தபடியாகத் தேவாலயக் காரியங்களைப் பார்ப்பவர். மூப்பரின் மனைவி மேசனின் அக்கா. கூலிக்கு வந்தவர்கள் எல்லாரும் இவர்களுக்குச் சித்தப்பா மக்கள், பெரியம்மா மக்கள். ஆளுக்கு ஒரு படிவம் நிரப்பி, உறவுமுறைக்கு ஒரு வரைபடமும் கீறி அனுப்பினேன். மிகத் தெளிவான வரைபடம் என்று பாராட்டு வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கொடையாளர்கள் கேட்டது ஒன்றுதான். கட்டடம் தன் உண்மையான முகத்தைக் காட்ட வேண்டும். பின்னால் வந்தவர்கள் பூசியதெல்லாம் சுரண்டப்பட வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் பூச்சும் பூசக் கூடாது.

வேலை தொடங்குமுன் ஊர்மக்களை அழைத்து இடர் அடையாளம் காணும் பட்டறை வைக்க வேண்டும் என்பது விதி. தேவாலய மண்டபத்தில் வைத்தோம். தேத்தண்ணீர், பற்றிஸ், ஆளுக்கொரு மஞ்சள் கடதாசித்துண்டு, ஒரு தடித்த பேனை. "என்ன பிழை நடக்கலாம் எண்டு உங்களுக்குப் படுகிறதோ அதை ஒவ்வொருவரும் எழுதுங்கோ" என்றேன். ஐம்பது பேர் வரை இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பற்றிஸ் மட்டும் முடிந்தது.

கடைசியில் மூப்பர் எழும்பினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தன் வள்ளத்தைத் தானே ஓட்டித் தொழிலுக்குப் போகிறவர். ஒரு கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. "தங்கச்சி, பின்னேரம் தொழிலுக்குப் போற சனம் இது. உதுகளை வாயாலை சொல்லப்படாது. எழுதவும் படாது" என்றார். பெண்கள் எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

சேர்த்த கடதாசிகளைப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் வெறுமை. ஒன்றில் ஆண்டவர் காப்பாற்றுவார் என்றிருந்தது. இன்னொன்றில் ஒரு சுறா வரைந்திருந்தது. ஒருவர் பேனையைத் திருப்பித் தரவே இல்லை, வள்ளத்துக்கு இலக்கம் எழுத உதவும் என்று கொண்டுபோய்விட்டார். கெட்டதைச் சொன்னால் வாய் கழுவ வேண்டும் என்ற வீட்டில் அடி வாங்கி வளர்ந்தவள் நான். அந்த மண்டபத்தின் மௌனம் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் எழுதியது: பங்கேற்பாளர்களால் இடர் எதுவும் அடையாளம் காணப்படவில்லை.

"சரி, ஏன் வெள்ளை அடிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வழமை" என்றார் மூப்பரின் மனைவி. பின்னாலிருந்து ஒரு கிழவர் "புனிதருக்குப் புது உடுப்புப் போடுற மாதிரித்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நோக்கம் என்ற கட்டத்தில் அலங்காரம் என்று எழுதினேன்.

அன்றைக்கே அட்டவணையில் ஒரு புது வரியைக் கூட்டினேன். என் சொந்த வரி, அச்சில் வராதது, எனக்கு அதில் பெருமையும் இருந்தது. ஊர்மக்கள் பழக்கம் காரணமாகக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு பூசிவிடலாம். வாய்ப்பு: மிக அதிகம். பாதிப்பு: மிகக் கடுமை. நிறம்: சிவப்பு. பொறுப்பாளர் என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஊரில் மரியாதை உள்ள ஆளைப் போடும் என்று பணிப்பாளர் சொன்னார். மூப்பரைப் போட்டேன்.

தேவாலய வாசலில் வைத்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன். "ஒருத்தரையும் வெள்ளை அடிக்க விடமாட்டன் எண்டு இதிலை கிடக்கு, அண்ணை" என்று விளங்கப்படுத்தினேன். அவர் தாளை இரண்டு தரம் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து விட்டுவிட்டார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எனக்கு அது கோப்பில் இன்னொரு தாள். அவர் புனிதரின் வாசலில் வைத்து வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

சுரண்டினோம். மூன்று மாதம் சுரண்டினோம். முருகைக்கல்லின் பூ விரிந்தது போன்ற கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பழுப்பும் சாம்பலுமாகக் கோபுரம் நின்றது. உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது.

கொடையாளர்களின் கண்காணிப்பாளர் வந்து பார்த்தார். முருகைக்கல்லைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். அரை மணி நேரம் கோபுரத்தில், மிச்ச நாள் முழுவதும் நயினாதீவில். அம்மன் கோயிலையும் விகாரையையும் ஒரே நாளில் பார்க்காமல் தீவகத்துக்கு வந்து போக ஒருவராலும் ஏலாது. குறிகட்டுவானில் படகு ஏறுமுன் அவருக்கு நான் கட்டிவிட்ட உயிர்காப்பு அங்கியின் வார்கள் சரியாக இருக்கின்றனவா என்று மூன்று தரம் பார்த்தேன். ஏனென்றால் பதினான்காவது வரி அதுதான்: கண்காணிப்பாளர் கடற்பயணத்தின்போது விபத்துக்குள்ளாதல். அந்த அட்டவணையில் கடல் வருவது அந்த ஒரு வரியில் மட்டும்தான்.

கொடியேற்றத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, மூப்பரின் மனைவி எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஓலைப் பெட்டி, உள்ளே உயிர் நண்டு. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்பளிப்பு வாங்குவது கைநூலின் நான்காம் அத்தியாயம்.

"அக்கா, இது ஏலாது. என்ர வேலை போயிடும்" என்றேன்.

"நண்டுதானே, தங்கச்சி."

"நண்டெண்டாலும் அன்பளிப்புத்தான், அக்கா."

அவர் பெட்டியைக் கீழே வைக்கவும் தெரியாமல் தூக்கவும் தெரியாமல் நின்றார். நான் அன்பளிப்பு விதியை முழுதாக, உதாரணங்களோடு, விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்த பிறகு "கோபுரத்துக்குக் கடல் பக்கம் மட்டுமாவது கொஞ்சம் வெள்ளை போட விடலாமோ? மற்றப் பக்கமெல்லாம் உங்கட விருப்பம்" என்றார்.

"ஏன் கடல் பக்கம்?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "சும்மாதான். கேட்டனான்."

"விதியிலை இடமில்லை, அக்கா. அண்ணையே கையெழுத்து வச்சிருக்கிறார்."

"ஓம், அதுதான்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை கந்தோரில் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதினேன்: நண்டு, ஒரு பெட்டி, ஏற்கப்படவில்லை. அவர் கேட்ட கேள்வியை எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதும் பழக்கம் எனக்கும் அப்போது இல்லை.

சனிக்கிழமை வந்தது. நான் கமராவோடு போயிருந்தேன். ஊர்ச்சனம் வழமைபோல் வாளிகளோடு வந்தது. மூப்பர் கோபுரத்து மதில் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "இந்த முறை இல்லை. நான் சைன் வச்சிட்டன்" என்றார். பெடியள் சத்தம் போட்டார்கள். மேசன் மச்சான் "அத்தான், விசர்க் கதை கதையாதேங்கோ, நீங்களுமெல்லே வாறனீங்கள்" என்றார். எங்கே வருகிறார் என்று நான் கேட்கவில்லை. கோயிலுக்கு என்று நினைத்தேன். மூப்பர் கையை இறக்கவில்லை. தன் வீட்டு வாளியோடு வந்த மனைவியையும் அவர் உள்ளே விடவில்லை. அக்கா சுண்ணாம்பு வாளியைத் தூக்கியபடி வந்த வழியே திரும்பிப் போனார். நான் நல்ல கோணம் பார்த்துப் படம் எடுத்தேன். அந்த வருஷ அறிக்கையின் அட்டையில் அந்தப் படம்தான் வந்தது. சமூகத்தின் பங்களிப்பு என்று கீழே எழுதியிருந்தார்கள்.

கொடியேறி, திருநாள் முடிந்து, இரண்டாவது கிழமை. விடியற்காலை தூறலும் மங்கலுமாக இருந்தது. தொழிலிலிருந்து திரும்பி வந்த மூப்பரின் வள்ளம் கல்லில் ஏறியது. வள்ளத்தைத் தள்ளிவிடலாம் என்று அவர் இறங்கியிருக்கிறார். அலை தூக்கி அடித்ததில் வள்ளத்துக்கும் கல்லுக்கும் இடையில் கால் அகப்பட்டுவிட்டது. பின்னால் வந்த மேசன் மச்சானின் வள்ளம்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவருடைய வள்ளம் இரண்டு துண்டு. முழங்கால் சில்லு நொறுங்கி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் இரண்டு தரம் வெட்டினார்கள். கால் மிஞ்சியது, மடங்காது.

கந்தோரில் நான் இதைச் சொன்னபோது பணிப்பாளர் உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு "எங்கட எல்லைக்குள்ளை நடந்ததோ?" என்று கேட்டார். இல்லை, கடலில் என்றேன். "அப்ப அட்டவணையிலை வராது" என்று பெருமூச்சு விட்டார். அதே கிழமை அட்டவணை புதுப்பிக்க வேண்டியிருந்தது. சுண்ணாம்பு பூசும் இடர் நிகழ்ந்ததா? இல்லை. கட்டுப்பாட்டு நடவடிக்கை பயன் தந்ததா? ஆம். சிவப்புக் கட்டம் பச்சையானது. பனிப்பாளமும் விழவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். நான் கொடுத்தால் அது அன்பளிப்பு ஆகாது, கைநூலில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அந்த அளவுக்கு எனக்கு முற்றிப்போயிருந்தது. மூப்பர் என்னைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தார். நான் தோடம்பழத்தைக் கட்டிலோரம் வைத்தேன். அவரே தொடங்கினார்.

"ஒருத்தரையும் விடேல்லை, தங்கச்சி. நான் இஞ்சை கிடக்கிற நேரம் பெடியள் ஏதும் செய்தாலும் எண்டு மச்சானைக் காவல் வைக்கச் சொல்லியிருக்கிறன். பயப்படாமல் எழுதிப் போடுங்கோ."

நான் வெளியே விறாந்தைக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஏசாத மனிதர்கள்மேல் வருகிற கோபம். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அக்கா ஏன் கடல் பக்கம் மட்டும் கேட்டார் என்று பார்க்க, மறுநாள் மேசன் மச்சானிடம் போய் என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். உயிர்காப்பு அங்கி கட்டவில்லை. கண் எட்டிய மட்டும் போய், அவர் எஞ்சினை நிறுத்தி வள்ளத்தைத் திருப்பினார். "இப்ப கோபுரத்தைக் காட்டுங்கோ பாப்பம்" என்றார்.

கரை முழுக்கப் பனை. பனைக்கு முன்னால் பழுப்பு, பனைக்குப் பின்னால் பழுப்பு. நான் மூன்று மாதம் பக்கத்தில் நின்று சுரண்டுவித்த கோபுரம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. கடற்கரையோரம் ஒரு கல்லின் மேல் நட்ட சிறிய வெள்ளைக் குருசு மட்டும் தெரிந்தது.

அவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். கரையை அடுத்த கடலெல்லாம் கல். கல்லுக்கு நடுவே வள்ளம் வர வெட்டிய ஒடுங்கின வழி ஒன்று உண்டு, அதை வான் என்பார்கள். முன்னால் குருசு, பின்னால் கோபுரம். குருசின் உச்சியில் வெள்ளைக் கோபுரம் நேராக ஏறி நின்றால் வள்ளம் வானுக்குள் நிற்கிறது. இடப்பக்கம் விலகினால் கல், வலப்பக்கம் விலகினாலும் கல். பெடியளின் கைபேசி ஊரைக் காட்டும், வானைக் காட்டாது. புரை விழுந்த கண்ணுக்குக் கைபேசி அதையும் காட்டாது.

"அண்டைக்குக் கூட்டத்திலை இதைச் சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்கள் கரம்பொன்தானே. தெரியும் எண்டெல்லோ நினைச்சம்" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கரம்பொனில் பிறந்து, கடற்காற்றில் தலைமயிர் சிக்காகி வளர்ந்தவள் நான். நயினாதீவுக்கு எத்தனை தரம் படகேறியிருப்பேன். ஒருநாளும் திரும்பி எங்கள் கரையைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் தோட்டம், பனங்காணி, அரசாங்க உத்தியோகம். கடல் என்றால் மீன் வருகிற திசை.

அன்று இரவு தொடங்கிக் கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். வாசிக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பின்னிணைப்பில், ஒருவரும் திருப்பாத ஒரு பக்கத்தில் இருந்தது: பழைய முறைச் சுண்ணாம்பு கல்லைப் பாதுகாக்கும், ஊர்மக்களின் பயன்பாட்டுக்குத் தேவை என்று காட்டினால் பூச அனுமதிக்கலாம். ஒரேயொரு படிவம். அதில் ஒரேயொரு கேள்வி: பூசாவிட்டால் என்ன தீங்கு நேரலாம்? ஊரவர் ஒருவர் தம் சொந்த வார்த்தையில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும்.

படிவத்தோடு மூப்பர் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்து இரண்டு நாள். விறைத்த காலை இன்னொரு கதிரையில் நீட்டிப் போட்டிருந்தார். கேள்வியை வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஏலாது, தங்கச்சி. சனம் இன்னும் தொழிலுக்குப் போகுது. நான் அதைச் சொல்லமாட்டன்."

அவருடைய காலே கேள்விக்குப் பதிலாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீண்டு கிடந்தது. ஆனால் காலால் கையெழுத்துப் போட முடியாது. நான் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். குசினிக்குள் ஏதோ அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அக்கா கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றார்.

"நான் சொல்லுறன். எழுதும்" என்றார். அதுவரை என்னை நீர் என்று அவர் சொன்னதில்லை. "கோபுரம் வெள்ளையாய் இல்லாட்டி என்ர மனிசன்ர வள்ளம் கல்லிலை ஏறும். வள்ளம் உடையும். அவரின்ர கால் போகும். அவர் இனித் தொழிலுக்குப் போகமாட்டார். எழுதிப்போட்டீரோ?"

மூப்பர் சிலுவை அடையாளம் போட்டார். "வாயைப் பொத்தடியப்பா" என்றார்.

"இனி என்னத்துக்குப் பொத்த? நடந்து முடிஞ்சுதே" என்றார் அக்கா. என் கையிலிருந்து பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். படிவம் வரப்போவதைத்தான் கேட்டது, அவர் வரப்போவதாகத்தான் சொன்னார். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

கொடையாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். எவ்வளவு அருமையான கடல்சார் மரபு, இதை ஏன் இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லவில்லை என்று எழுதினார்கள். அனுமதி வந்தது. கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது. கோபுரத்தைக் குறி பார்த்து வள்ளம் ஓட்டும் அனுபவமுள்ள மீனவர் ஒருவரின் படம் வேண்டும், கடலில், சிரித்த முகத்தோடு. அந்தக் கடிதத்துக்கு நான் இன்றுவரை பதில் போடவில்லை. என் இணக்கப்பாட்டுக் குறைபாடுகளில் அது ஒன்று.

அடுத்த கொடியேற்றத்துக்கு முந்திய சனிக்கிழமை போனேன். கமரா கொண்டு போகவில்லை. சனம் வாளிகளோடு வந்து கோபுரத்துக்கு முன்னால் வரிசையாக நின்றது. ஒருவரும் உள்ளே போகவில்லை. மூப்பர் மதில் வாசலுக்குக் குறுக்கே கதிரை போட்டு, காலை நீட்டி, அமர்ந்திருந்தார். அனுமதி வந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கடதாசி வந்திட்டுதோ, தங்கச்சி?"

"வந்திட்டுது, அண்ணை."

"அப்ப என்ர சைனை வெட்டிவிடுங்கோ. வெட்டாமல் நான் என்னண்டு விடுறது?"

கோப்பைத் திறந்து, அட்டவணையில் அவருடைய பெயருக்கு நேரே கோடு போட்டு அவரிடம் காட்டினேன். கட்டத்தை வெறுமையாக விட ஏலாது என்பதால் என் பெயரை எழுதினேன். அவர் நல்ல கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கதிரையை அவரோடு தூக்கி ஒதுக்கினோம்.

சனம் ஒவ்வொருவராக வந்து தங்கள் வாளியை ஊற்றியது. மத்தியானத்துக்குள் கடல் பக்கம் வெளுத்துவிட்டது. கடைசி வாளி ஊற்றி முடிந்த பிறகும் மேசன் மச்சான் பழக்கத்தில் அடுத்த வாளிக்கு அக்காவின் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். வள்ளத்துக்கு ஒரு வாளி என்பதுதான் வழமை. அக்கா வெறுங்கையோடு நின்றார்.